டாக்டர் குப்புசாமியும் நம்ம கோயில் மண்டபமும்

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு, உட்கார்ந்து நிதானமா படிங்க.

1913-ஆம் வருஷம் ஒரு இளம் தமிழ் டாக்டர் கப்பலேறி மலாயா வந்தார். பேர் குப்புசாமி. ஊர் திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பேர் போன அதே பத்தமடைதான். இன்னிக்கு நாம கடையில ரப்பர் யோகா மேட் தேடி அலையறோம். யோகாவை உலகம் முழுக்கக் கொண்டு போனவங்கள்ல ஒருத்தர் பாய் நெய்யற ஊர்ல பிறந்தவர். தஞ்சாவூர்ல மருத்துவம் படிச்சார். 1909-ல் 'அம்புரோசியா'ன்னு ஒரு மருத்துவப் பத்திரிகையைத் திருச்சியிலிருந்து நடத்தினார். அப்புறம்தான் மலாயாப் பயணம்.

சிரம்பான் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய 7 வருஷம். பிறகு ஜொகூர் பாருவில் 3 வருஷம். மொத்தம் 10 வருஷம் நம்ம நாட்டில் டாக்டரா வேலை பார்த்தார். 1923-ல் எல்லாத்தையும் விட்டுட்டு இந்தியா திரும்பினார். 1924-ல் ரிஷிகேசத்தில் சந்நியாசம். அதுக்கப்புறம் அவருக்கு சுவாமி சிவானந்தர்னு பேர்.

பேரைச் சொன்னா பல பேருக்குத் தெரியும். பத்துமலையில் சிவானந்தாஸ்ரமம் இருக்கு, போயிருப்பீங்க. ஆனா அவர் நம்ம தோட்டத்து டாக்டர் என்பது நம்ம பிள்ளைங்க பல பேருக்குத் தெரியாது. யோகான்னா பங்சாரில் 80 ரிங்கிட் கட்டிப் போற வகுப்புன்னுதான் அவங்க நினைக்கிறாங்க.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. எங்க கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் யோகா, மூச்சுப் பயிற்சி நடத்தலாம்னு ஒரு யோசனை வந்தது. மன அழுத்தம் உள்ளவங்க, தூக்கம் வராதவங்க, வீட்டுல ஒரு நோயாளியை வெச்சுப் பார்த்துப் பார்த்துக் களைச்சுப் போனவங்க இவங்களுக்காக. புலனக் குழுவில் உடனே இரண்டு கட்சி. ஒரு கட்சி: "கோயில் பூஜைக்கு, எக்சர்சைஸ் பண்ணணும்னா ஜிம்முக்குப் போங்க." இன்னொரு கட்சி: "யோகா செஞ்சா டிப்ரெஷன் எல்லாம் ஓடிப் போயிடும், டாக்டர் கொடுக்கிற மாத்திரையெல்லாம் விஷம்." முதல் கட்சியைவிட இரண்டாவது கட்சிதான் எனக்குப் பயம். இரண்டு பேருக்கும் குப்புசாமி டாக்டரோட வாழ்க்கையிலேயே பதில் இருக்கு. அதான் கொஞ்சம் பின்னாடி போறேன்.

அவர் வந்தப்ப தோட்டம் எப்படி இருந்தது? ஒப்பந்தக் கூலி முறை 1910-ல்தான் நின்னது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டிட்டு வர்ற முறை நடந்துட்டிருந்தது. பெரும்பாலும் ஆம்பளைங்க. பொம்பளைங்க குறைவு, வயசான ஆளுங்க அதைவிடக் குறைவு. அதாவது ஒருத்தனுக்கு மனசு சரியில்லைன்னா பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவ அம்மா இல்ல, அத்தை இல்ல, பாட்டி இல்ல. விடியறதுக்கு முன்னாடி பெரட்டு. அப்புறம் மரம் வெட்டு. சாயந்தரம் லயத்து வீடு, கள்ளுக்கடை. இதுக்கு மேல மலேரியா.

மலேரியான்னா சாதாரணக் காய்ச்சல்னு நினைக்காதீங்க. கிள்ளான் கதையைக் கேளுங்க. 1901-ல் மால்கம் வாட்சன்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். அதே வருஷம்தான் போர்ட் சுவெட்டன்ஹாம், இப்போ நாம போர்ட் கிள்ளான்னு சொல்ற துறைமுகம், திறந்தாங்க. திறந்த கொஞ்ச நாளிலேயே வேலையாளுங்க கொத்துக் கொத்தாக் காய்ச்சல்ல விழுந்தாங்க. துறைமுகத்தையே மூடிடலாமான்னு பேச்சு வந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புதுன்னு ரொனால்ட் ரோஸ் கண்டுபிடிச்சு அப்போ 4 வருஷம்தான் ஆகியிருந்தது. வாட்சன் கொயினா கொடுத்ததோட நிறுத்தல. சதுப்பு நிலத்தை வடிய வெச்சார், காட்டை வெட்டினார், வாய்க்கால் போட்டார். காய்ச்சல் குறைஞ்சது. நோயை ஆளுக்குள்ள மட்டும் தேடாம, அந்த ஆள் வாழற இடத்திலும் தேடின டாக்டர் அவர். கிள்ளான்ல இருக்கிறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும். உலக மலேரியா வரலாற்றில் நம்ம ஊர் பேர் இருக்கு.

உடம்பு நோய்க்கு இப்படி வழி பிறந்தது. மனசு நோய்க்கு? 1911-ல் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி திறந்தாங்க. பின்னாளில் அதுக்கு 'பாஹாகியா', அதாவது மகிழ்ச்சின்னு பேர் மாத்தினாங்க. பேர் மாறினாலும் நம்ம வாய் மாறல. இன்னிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க "நீ தஞ்சோங் ரம்புத்தான் கேசு"ன்னு கேலி பண்ணுது. ஒரு ஊர்ப் பேரே வசைச்சொல்லா ஆன இடத்தில், எந்தக் குடும்பம் தைரியமா உதவி கேட்கும்? தோட்டத்தில் முத்தின கேஸ்தான் அங்கே போச்சு. மத்தவங்களுக்கு முனியாண்டி சாமி, குறி கேட்கிறது, தாயத்து, இல்லைன்னா கள்ளு. அவ்வளவுதான் இருந்த வசதி. அந்தக் காலத்து மனுஷங்களைக் குறை சொல்றதுக்காக இதை எழுதல. வேற கதவே இல்லாதப்ப இருக்கிற கதவைத்தானே தட்டுவாங்க.

அப்படிப்பட்ட தோட்டத்தில்தான் குப்புசாமி டாக்டர் வேலை பார்த்தார். ஏழை நோயாளிங்ககிட்டப் பணம் வாங்க மாட்டார், கையிலிருந்து கொடுத்தனுப்புவார்னு அவரோட வாழ்க்கை வரலாறுகள் சொல்லுது. அவர் குணமாக்கின ஒரு சாது, வேதாந்தப் புத்தகம் ஒண்ணைக் கொடுத்துட்டுப் போனாராம். டாக்டர் தியானம், யோகப் பயிற்சின்னு தேட ஆரம்பிச்சது மலாயாவில் இருந்தப்பத்தான், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில். இமயமலைக்குப் போய் யோகம் கத்துக்கிட்டு அப்புறம் மக்களுக்குச் சொன்ன கதை இல்ல இது. நோயாளிங்களைப் பார்த்துப் பார்த்து, மருந்தால தொட முடியாத ஒரு இடம் மனுஷனுக்குள்ள இருக்குன்னு உணர்ந்த ஒரு டாக்டரோட கதைன்னுதான் எனக்குப் படுது.

அவர் சின்ன வயசிலேயே உடற்பயிற்சியில் ஆர்வம் உள்ளவர். தன் சுயசரிதையில் ஒரு விஷயம் சொல்றார்: தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருத்தர்கிட்ட வாள்வீச்சு கத்துக்கப் போனார். பிராமணப் பையன் அங்கே போய்ப் படிக்கிறதான்னு தடுத்துட்டாங்க. ஆனா அந்த ஆசானை அவர் குருவா வணங்கினார். ஆக, உடம்பை அசைக்கச் சொல்லிக் கொடுத்தவர்கிட்டத்தான் அவர் முதல்ல தலை வணங்கக் கத்துக்கிட்டார். இந்த ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இங்கே ஒண்ணு கவனிங்க. சந்நியாசி ஆனதும் அவர் மருத்துவத்தை விட்டாரா? இல்ல. 1927-ல் தன்னோட இன்சூரன்ஸ் பணம் வந்ததும், லட்சுமணஜூலாவில் யாத்ரீகர்களுக்கு இலவச மருந்தகம் திறந்தார். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். 1945-ல் ஆயுர்வேத மருந்து நிலையம். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், நாமஜெபம் ஒரு பக்கம், தொண்டு ஒரு பக்கம். எல்லாம் ஒரே வளாகத்தில். "மாத்திரையைத் தூக்கிப் போடு, யோகா செய்"னு சொல்ற ஆளுங்க சிவானந்தர் படத்தை முகப்புப் படமா வெக்கிறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

அவரோட சீடர்கள் பட்டியல் நீளம். நம்ம கதைக்கு ஒருத்தர் போதும். கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். இலங்கையில் ஆசிரமம் நடத்தினார், பிறகு அமெரிக்கா போனார். 1969-ல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வெச்சுப் பேசினதும் இவர்தான். அவர்கிட்ட யோகா படிச்ச ஒரு அமெரிக்க டாக்டர் டீன் ஆர்னிஷ். இதய நோயாளிங்களுக்கு உணவு மாற்றம், நடை, யோகா அடிப்படையிலான மன அழுத்தப் பயிற்சி, குழுவா உட்கார்ந்து பேசுறது எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்து, அடைபட்ட ரத்தக் குழாய் கொஞ்சம் திறக்குதுன்னு 1990-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். சிரம்பான் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கலிபோர்னியா இதய சிகிச்சை வரைக்கும் ஒரு கோடு இழுத்துப் பாருங்க. டாக்டர்ல ஆரம்பிச்சு டாக்டர்கிட்டயே போய்ச் சேருது.

இதுக்கு நடுவில் ஒரு பெருமைப் பேச்சையும் சரிபண்ணிடறேன். "5,000 வருஷ யோகா"ன்னு எல்லாரும் சொல்றோம். தியானமும் மூச்சுக் கட்டுப்பாடும் ரொம்பப் பழசு, சந்தேகமில்ல. ஆனா இன்னிக்கு வகுப்பில் வரிசையா நின்னு செய்ற ஆசனமுறை பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் உருவானது. மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் சொல்லிக் கொடுத்தது, ரிஷிகேசத்தில் சிவானந்தர் சொல்லிக் கொடுத்தது, இப்படிப் பல கைகள் சேர்ந்து செஞ்சது. புதுசுங்கிறதால மதிப்புக் குறைஞ்சிடாது. 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்களுக்கு யோகா கூடாதுன்னு அறிவிச்சப்போ ஒரு சலசலப்பு வந்தது ஞாபகம் இருக்கும். அது அவங்க சமய விஷயம், நாம உள்ளே நுழைய வேண்டியதில்ல. ஆனா அப்போ நம்ம ஆளுங்க எத்தனை பேர் "யோகா நம்ம சொத்து"ன்னு மார்தட்டினாங்க! சரி, சொத்து நம்மதுதான். அனுபவிக்கிறது யாரு? சம்மணம் போட்டு 10 நிமிஷம் தரையில் உட்காரச் சொன்னா பாதிப் பேருக்கு நாற்காலி வேணும்.

யோகாங்கிற பேர் இல்லாம, கவனத்தோட உடம்பை அசைக்கிற பழக்கம் நம்ம கோயில்லயே நிறைய இருக்கு. அடிப்பிரதட்சணம் தெரியும்தானே? ஒரு காலோட விரலை ஒட்டி அடுத்த காலோட குதிகால். ஒரு சுத்து வர அரைமணி நேரம்கூட ஆகும். அந்த அரைமணி நேரத்தில் வீட்டுக் கடன், மாமியார் சண்டை, மேலதிகாரி மூஞ்சி எதையும் முழுசா நினைக்க முடியாது. நினைச்சா கால் தடுமாறும். வெளிநாட்டில் இப்போ காசு வாங்கிக்கிட்டு 'கவனத்தோட நடக்கும் பயிற்சி'ன்னு சொல்லிக் கொடுக்கிறாங்க. எங்க பாட்டிக்கு அது வெள்ளிக்கிழமை வேலை.

தோப்புக்கரணமும் அப்படித்தான். சில வருஷத்துக்கு முன்னாடி அது 'சூப்பர் பிரெய்ன் யோகா'ன்னு வேஷம் கட்டி உலகம் சுத்திட்டுத் திரும்ப நம்மகிட்டயே வந்தது. மூளை வளரும், ஞாபகசக்தி பெருகும்னு அதுக்குச் சொல்ற பலனுக்கெல்லாம் உறுதியான ஆதாரம் இல்ல. காலுக்கு நல்ல பயிற்சி, மூச்சு ஒழுங்காகும், பிள்ளையார் முன்னாடி கொஞ்சம் பணிவு வரும். அது போதாதா?

பெரிய உதாரணம் நம்ம தைப்பூசம். தம்புசாமிப் பிள்ளை பத்துமலையில் வேலை நட்டு வழிபாட்டைத் தொடங்கினதிலிருந்து, 1892 வாக்கில் ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் நடந்துட்டு வருது. ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு 15 கிலோமீட்டர் தூரம். கூட நடக்கிறவங்க ராத்திரி முழுக்க நடப்பாங்க. அப்புறம் 272 படி. காவடி எடுக்கிறவங்க அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா விரதம், தரையில் படுக்கை, புலால் இல்ல, மது இல்ல. உருமி அடிக்க அடிக்கக் காவடி ஆடுறவரைப் பாருங்க. கால், மூச்சு, தாளம், முருகன் பேர், நாலும் ஒண்ணாப் போகுது.

இதை மனநல ஆய்வாளர்கள் ரொம்ப நாளா கவனிச்சுட்டு வர்றாங்க. 1984-ல் கொலீன் வார்ட் என்ற உளவியலாளர் மலேசியத் தைப்பூசத்தின் அருள் நிலையைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆனா அளந்து பார்த்தது மொரிஷியஸ்ல. அங்கேயும் நம்ம தமிழர்கள் காவடி எடுக்கிறாங்க. திமித்ரிஸ் சிகலாத்தாஸ் என்ற மானுடவியலாளரின் குழு, காத்ர் போர்ன் ஊரில் காவடி எடுக்கிறவங்களுக்கு உடம்பு நிலையை அளக்கிற கருவியைக் கட்டி, திருவிழாவுக்கு முன்னும் பின்னும் கவனிச்சாங்க. 2019-ல் வெளியான முடிவு: உடம்புக்கு நீடிச்ச கெடுதல் தெரியல. மன நலம் கூடியிருந்தது. அதிகமா வருத்திக்கிட்டவங்களுக்கு அதிகமாக் கூடியிருந்தது. இன்னொரு விஷயமும் பார்த்தாங்க: நாள்பட்ட நோய் உள்ளவங்களும் சமூகத்தில் கீழே இருக்கிறவங்களும்தான் அதிக அலகு குத்திக்கிட்டாங்க. வலிக்கு ஆளாகிறவன்தான் வலியோட சாமிகிட்ட வர்றான். இதைப் படிச்சதும் நம்ம ஊர்ப் பையன்கள் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. காவடியில் ஆடுற பையனைப் பார்த்து "ரவுடிப் பசங்க"ன்னு முகம் சுளிக்கிறோமே, அவன் எதைச் சுமந்துட்டு வந்தான்னு யாராவது கேட்டோமா?

இது சின்ன ஆய்வு, அதனால அலகு குத்தினா டிப்ரெஷன் போயிடும்னு யாரும் கிளம்பிடாதீங்க. அதோட காவடி வருஷத்துக்கு ஒருநாள். மீதி 364 நாளுக்கு என்ன வழி? அங்கேதான் சனிக்கிழமை வகுப்பு வருது.

மூச்சு விஷயம் எளிமையானது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு லேசா வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். அதனால வெளிமூச்சை நீட்டி விட்டா உடம்புக்கு 'ஆபத்து இல்ல, அடங்கு'ன்னு செய்தி போகுது. 2001-ல் இத்தாலியில் 23 பேரை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. கத்தோலிக்க ஜெபமாலையை லத்தீனில் சொன்னாலும் சரி, மந்திரத்தைச் சொன்னாலும் சரி, மூச்சு நிமிஷத்துக்கு 6 தடவைங்கிற அளவுக்கு மெதுவாச்சு, இதய ஓட்டமும் அதோட இசைஞ்சது. நம்ம ஆளுங்க கூட்டா உட்கார்ந்து தேவாரம் பாடும்போது இழுத்து, நிறுத்தி, விட்டுப் பாடுறாங்க பாருங்க, அங்கேயும் மூச்சு இப்படித்தான் வேலை செய்யும்னு நினைக்கிறேன்.

அசைவுக்கும் ஆதாரம் இருக்கு. 2024-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில் 218 ஆய்வுகளை, 14,000-க்கு மேற்பட்டவங்களோட விவரங்களைச் சேர்த்துப் பார்த்தாங்க. மனச்சோர்வுக்கு எந்தப் பயிற்சி உதவுதுன்னு கேள்வி. நடை அல்லது மெதுவோட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி, இந்த மூணும் முன்னே நின்னுச்சு. ஆனா பல ஆய்வுகளின் தரம் உறுதியானதில்லைன்னும் அவங்களே எழுதியிருக்காங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2000-ல் கடுமையான மனச்சோர்வு உள்ள 45 பேரை மூணு குழுவாப் பிரிச்சுப் பார்த்தாங்க. மின் அதிர்வு சிகிச்சை எடுத்தவங்கள்ல 93 விழுக்காடு, மாத்திரை எடுத்தவங்கள்ல 73 விழுக்காடு, மூச்சுப் பயிற்சி செஞ்சவங்கள்ல 67 விழுக்காடு பேர் தேறினாங்க. யோகா பெரிசுன்னு காட்ட இந்த எண்ணைச் சிலர் பகிர்றாங்க. வரிசையைத் திரும்பப் பாருங்க. மூச்சுப் பயிற்சி உதவியிருக்கு, உண்மை. முதல் இடம் சிகிச்சைக்குத்தான், அதுவும் உண்மை. அதோட அவங்க செஞ்சது ஆஸ்பத்திரிக்குள்ள, டாக்டர் கண்காணிப்பில்.

சரி, கோயிலுக்கு வருவோம். "கோயில்ல எதுக்கு இதெல்லாம்"னு கேட்ட அண்ணனுக்காக இது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர்னு ஒரு கிராமம். அங்கே முத்துசாமி கோயில். மனநோயாளிகளைக் குடும்பத்தினர் கூட்டிட்டு வந்து இலவசமாத் தங்குவாங்க. 2000-ல் மனநல மருத்துவர் ரகுராமும் அவர் குழுவும் அங்கே வந்த 31 பேரைத் தொடர்ந்து கவனிச்சாங்க. சராசரியா 6 வாரம் தங்கினாங்க. நோயின் தீவிரத்தை அளக்கிற கணக்கில் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைஞ்சிருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அங்கே என்ன அற்புதம் செஞ்சாங்க? ஒண்ணுமில்ல. காலையில் பூஜைக்கு உட்கார்ந்தாங்க. கோயிலைப் பெருக்கினாங்க. செடிக்குத் தண்ணி ஊத்தினாங்க. யாரும் கட்டிப் போடல, அடிக்கல, ஏசல. கூட ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால இதை வெச்சு ரொம்பப் பெரிசாச் சொல்லிட முடியாது. ஆனா எனக்கு இதைப் படிச்சதும் அப்பர் சுவாமிகள் கையில் இருந்த உழவாரம்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. சூலை நோயில் துடிச்ச மனுஷர், பின்னாடி ஊர் ஊராப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். குனிஞ்சு நிமிர்ந்து செய்ற வேலை, பக்கத்துல நாலு பேர், முடிச்சதும் கண்ணுக்குத் தெரியற சுத்தம். உழவாரப் பணிக்கு வர்ற சில பேர் "இங்க வந்தா மனசு லேசாகுது"ன்னு சொல்லும்போது அதை நாம பக்திப் பேச்சுன்னு விட்டுடறோம்.

இதுக்கு அடுத்த வருஷம், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடிச்சது. 28 பேர் செத்துப் போனாங்க. ஓட முடியல, சங்கிலியில் கட்டியிருந்தாங்க. அங்கே நோயாளிகள் வந்தது தர்கா நம்பிக்கையில். மதத்தைப் பார்த்து இதைச் சொல்லல. எந்த மதத்துக் கோபுரத்துக்குக் கீழேயும் இது நடக்கலாம். புனிதமான இடம்னு பேர் இருந்தா மட்டும் போதாது. சங்கிலி இருக்கா, மரியாதை இருக்கா, டாக்டருக்கு வழி திறந்திருக்கா, இதைத்தான் பார்க்கணும். நம்ம ஊர்லயும் "செய்வினை, பேய் பிடிச்சிருக்கு"ன்னு சொல்லி ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கறக்கிற ஆளுங்க இருக்காங்க. அவங்க வாசல்ல நின்னு மாசக்கணக்கா மருந்தைத் தள்ளிப் போட்ட குடும்பங்களை அன்னதானப் பந்தியில் நான் பார்த்திருக்கேன்.

தேவை எவ்வளவு பெரிசுன்னு கேட்டா, சுகாதார அமைச்சின் தேசியக் கணக்கெடுப்பு 2019-ல் பெரியவங்கள்ல 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வுன்னு சொன்னது. 2023-ல் 16 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 4.6 விழுக்காடு, கிட்டத்தட்ட 10 லட்சம் பேர். அதே 2023-ல்தான் தற்கொலை முயற்சி குற்றம்னு சொன்ன 309-ஆம் சட்டப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. அதுவரைக்கும் உயிர் பிழைச்சவன் மேல கேஸ் போட முடியும்! தோட்டம் போச்சு, லயத்து வீடு போச்சு, அடுக்குமாடி வந்தது. 17-ஆவது மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது. பெரட்டுக்கு ஆள் வரலைன்னா தோட்டத்தில் கிராணியாவது தேடுவார். இங்கே யார் தேடுவா?

கோயில் தேடலாம். அதைத்தான் கேட்கிறேன். பிரிக்பீல்ட்ஸ்ல 1904-லேயே விவேகானந்தா ஆசிரமம் ஆரம்பிச்ச பெரியவங்க, வழிபாட்டோட படிப்பையும் சேர்த்து நம்ம சமூகத்துக்குக் கொடுத்தாங்க. 1981-ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் தொடங்கினப்போ நடனத்தையே வழிபாடாக் கொடுத்தார். மண்டபத்தில் பாய் விரிக்கிறது இவங்க போட்ட பாதைக்குப் புறம்பானதில்ல.

வகுப்பு எப்படி நடக்கும்னு நிர்வாகக் குழுவில் பேசி முடிவானது இது. சனிக்கிழமை காலை 7.30, ஒரு மணி நேரம், கட்டணம் இல்ல. மெதுவான அசைவு, நீண்ட வெளிமூச்சு, கடைசியில் படுத்து ஓய்வு. வேகமா மூச்சு தள்ற பஸ்திரிகா, கபாலபாதி இரண்டும் கிடையாது; ரத்த அழுத்தம் உள்ளவங்களுக்கும், மனநிலை ரொம்ப ஏறி இறங்கறவங்களுக்கும் அது ஒத்துக்காமப் போகலாம். கண்ணை மூடி உட்கார்ந்தா பயம் வருதுன்னா கண்ணைத் திறந்துக்கலாம், எழுந்து நடக்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. முடிச்சதும் விருப்பம் உள்ளவங்க அரைமணி நேரம் பிரகாரத்தைக் கழுவற வேலையில் சேரலாம். நாற்காலியில் உட்கார்ந்து செய்றவங்களுக்குத் தனி வரிசை. ஆம்பளைங்களும் வரணும், பந்தியில் பரிமாறுற வேகத்தில் பாதி இருந்தா போதும்.

மாத்திரை சாப்பிடறவங்க ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. குறைக்கணும்னா கொடுத்த டாக்டர்கிட்டத்தான் கேட்கணும், எங்ககிட்டயோ பயிற்சி கொடுக்கிறவர்கிட்டயோ இல்ல. காதில் குரல் கேட்கிறவங்க, நாள்கணக்கா தூங்காம இருக்கிறவங்க, சாகணும்னு நினைப்பு வர்றவங்க முதல்ல கிளினிக் போகணும், வகுப்பு அப்புறம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், அங்கிருந்தே மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பாங்க. தனியாப் போகத் தயக்கம்னா எங்க தொண்டூழியர் ஒருத்தர் கூட வருவார். அலுவலகத்தில் சொல்லுங்க, பேர் வெளியே போகாது. ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேணும்னா பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, எந்நேரமும் எடுப்பாங்க. சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555.